மருந்துக்கும் குலம் கோத்திரமா?

சிறுநீரகம் கெட்டுப்போயிருக்கின்றது என்று ஆஸ்பத்திரியில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், அதைக் கேட்டு வீடு திரும்பிய மனிதன் நமது பக்கத்தில் செய்கின்ற முதல் காரியம் என்னவென்றால், ஆஸ்பத்திரி மாத்திரையை நிறுத்திவிட்டு மூலிகைக்காரரைத் தேடிப் புறப்படுவதேயாகும். ஒலக்கூரிலும் திண்டிவனத்திலும் சுற்றுப்புறக் கிராமங்களிலும் இது எத்தனை வீடுகளில் நடக்கின்றது என்பதை வாசகர்கள் தங்கள் தங்கள் தெருவை நினைத்துப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம். ஆகையால் இதைப்பற்றி வெளிப்படையாகச் சில வார்த்தைகள் எழுதவேண்டியது அவசியமாயிற்று.

ஊரார் கதை எதற்கு? என் சித்தப்பா கதையையே சொல்லுகின்றேன். அவருக்கு இரண்டு ஏக்கர் மணிலாக்கொட்டை நிலம். பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை வியாதி. காலில் வீக்கம் கண்டு ஆஸ்பத்திரிக்குப் போனதில் ரத்தத்தைச் சோதித்து, கிரியாட்டினின் 2.8 இருக்கின்றது, சர்க்கரையையும் ரத்தக்கொதிப்பையும் அடக்கி வையுங்கள், உப்பைக் குறையுங்கள், மூன்று மாதம் கழித்து வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். சொன்ன டாக்டர் இதற்குச் செலவழித்த நேரம் இரண்டு நிமிஷம். இந்த வியாதி இன்னதென்றோ, இனி எப்படிப் போகுமென்றோ விளக்கிச் சொல்ல அவருக்கு அவகாசமில்லை. வெளியே அறுபது பேர் நிற்கின்றார்கள்.

சம்பந்தி வழியில் ஒருவர் அவரை ஒரு வைத்தியரிடம் அழைத்துப் போனார். அவரோ ஒரு மணி நேரம் பேசினார். நாடி பார்த்தார். "பெரியவரே, உங்கள் கிட்னியைத் தின்றது வியாதியல்ல, இங்கிலீஷ் மாத்திரைதான். அதை இன்றே நிறுத்துங்கள். மூன்று மண்டலத்தில் கிரியாட்டினினை ஒன்றுக்குக் கொண்டுவருகின்றேன்" என்றார். ஒரு கஷாயப் பொடியும், ஒரு சிவப்புத் தூளும் கொடுத்தார். பொட்டலத்தின்மேல் பெயருமில்லை, சரக்கின் விவரமுமில்லை, செய்த இடமுமில்லை.

நான் வேண்டாமென்று சொன்னேன். "என்னடா, நாலு புத்தகம் படித்துவிட்டால் நீ வைத்தியனாகிவிடுவாயா? வீக்கம் வடிந்திருக்கின்றது, கண்ணால் பார்" என்றார். வாஸ்தவமாகவே முதல் மாதத்தில் வீக்கம் வடிந்தது. ஐந்தாம் மாதம் சோறு பிடிக்கவில்லை, வாந்தி, பிறகு மூச்சுத் திணறல். நடு ராத்திரியில் வண்டி பிடித்துப் புதுச்சேரிக்குக் கொண்டுபோனோம். கிரியாட்டினின் 11. ரத்தத்தில் பொட்டாசியம் இதயத்தை நிறுத்திவிடக்கூடிய அளவுக்கு ஏறியிருந்தது. அன்றிரவே டயாலிசிஸ் என்னும் யந்திரச் சுத்தி செய்து பிழைக்க வைத்தார்கள். இன்றைக்கு வாரத்தில் மூன்று தினம், தினத்துக்கு நாலு மணி நேரம், அந்த யந்திரத்தின் பக்கத்தில் படுத்திருக்கின்றார். ஒரு ஏக்கர் அடமானத்தில் இருக்கின்றது.

ஆஸ்பத்திரி மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டிருந்தால் அவருக்கு டயாலிசிஸே வந்திராது என்று நான் சொல்லமாட்டேன். அப்படி அடித்துச் சொன்னால் அந்த வைத்தியர் சொன்னதற்கும் நான் சொல்லுவதற்கும் வித்தியாசமில்லை. சில வருஷங்களாவது தள்ளிப்போயிருக்க இடமுண்டு என்பதே நான் சொல்லக்கூடியது. அந்தச் சிவப்புத் தூளில் என்ன இருந்தது என்பதும் இன்றுவரை எங்களில் ஒருவருக்கும் தெரியாது. தெரியாத ஒன்றை ஐந்து மாதம் ஒரு மனிதன் விழுங்கினான் என்பதே என் ஆத்திரம்.

இது நிற்க, சிறுநீரகம் செய்கின்ற வேலை என்ன என்று முதலில் பார்ப்போம். நம் முதுகுப்புறத்தில் இரண்டு பக்கமும் கைமுஷ்டி அளவில் ஒவ்வொன்று இருக்கின்றது. ஒவ்வொன்றிலும் ஏறக்குறையப் பத்து லட்சம் வடிகட்டிகள். இவைகள் ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீரை ரத்தத்திலிருந்து வடித்தெடுத்து, வேண்டியதையெல்லாம் திரும்ப உடம்புக்கே அனுப்பிவிட்டு, ஒன்றரை லிட்டர் அளவுக்குக் கழிவை மாத்திரம் மூத்திரமாக வெளியேற்றுகின்றன. சர்க்கரை வியாதியும் ரத்தக்கொதிப்பும் வருஷக்கணக்கில் இருந்தால் இந்த வடிகட்டிகள் ஒவ்வொன்றாகத் தழும்பாகி அடைபட்டுப்போகின்றன. அடைபட்டது மறுபடி முளைப்பதில்லை. பாதி வடிகட்டி போகும் வரையில் மனிதனுக்கு ஒன்றும் தெரிவதில்லை. கிரியாட்டினின் கணக்கும் அதிகமாக அசைவதில்லை. ஆகவே நீடித்த சிறுநீரக வியாதியில் வைத்தியம் என்பது பெரும்பாலும் இருப்பதைக் காப்பாற்றுவதே தவிர, போனதைத் திரும்பக் கொண்டுவருவதல்ல. இதை எந்த முறை வைத்தியரானாலும் சரி, ஒப்புக்கொண்டு பேசினால் அவர் யோக்கியர். மூன்று மண்டலத்தில் பழையபடி ஆக்கிவிடுகின்றேன் என்றால், அவர் ஒன்று அறியாதவர், அல்லது அறிந்து ஏய்ப்பவர்.

அப்படியானால் வீக்கம் வடிந்ததே, அது பொய்யா என்று கேட்கலாம். பொய்யல்ல. நெருஞ்சில், சிறுபீளை முதலியவைகள் மூத்திரத்தைப் பெருக்குவதற்கென்றே நம் நாட்டில் வெகுகாலமாக வழங்கி வருபவை. பத்தியம் என்று உப்பையும் நிறுத்தினால் வீக்கம் வடியத்தான் செய்யும். ஆனால் வயலில் தேங்கின தண்ணீரை இறைத்துவிட்டால் உடைந்த மதகு சரியாகிவிடுமா? அன்றியும், வாந்தி பேதியால் உடம்பில் நீர் வற்றினபோது ஏறின கிரியாட்டினின், நீர் குடித்தவுடன் தானே இறங்கும். கிரியாட்டினின் தசையிலிருந்து வருகின்ற கழிவு; ஆகையால் நோயாளி மெலிந்து தசை கரைந்தாலும் அந்தக் கணக்கு இறங்கும். இவைகளையெல்லாம் தம் மருந்தின் மகிமையென்று காட்டிக்கொள்ள யாராலும் முடியும். செல்போனில் வருகின்ற காணொளிகளில் "எனக்குக் குணமாயிற்று" என்று பேசுகின்றவர்களையெல்லாம் பார்க்கின்றோம். குணமாகாமல் செத்தவன் எந்தக் காணொளியில் வந்து பேசுவான்?

இனி நம் இயக்கத் தோழர்களிடம் ஒரு சங்கதி பேசவேண்டும். சடங்கு, ஜோசியம், மந்திரம் என்றால் பத்துக் கேள்வி கேட்கின்ற நம்மவர்களில் பலர், "இது தமிழ் மருத்துவம், சித்தர்கள் சொன்னது" என்றவுடன் வாயை மூடிக்கொள்ளுகின்றார்கள். ஏன்? மனிதன் எந்த வயிற்றில் பிறந்தான் என்று பார்த்து மேல் கீழ் சொல்லக்கூடாது, அவன் யோக்கியதையைப் பார் என்று மேடைதோறும் சொல்லுகின்றோம். மருந்துக்கு மாத்திரம் எந்த ஊரில் பிறந்தது, எந்த முனிவர் வாயில் பிறந்தது என்று குலம் கோத்திரம் பார்ப்பது எந்த நியாயம்? சித்தர் சொன்னார் என்பதற்காகக் கொள்ளுவதும் தப்பு. வெள்ளைக்காரன் சொன்னான் என்பதற்காகக் கொள்ளுவதும் தப்பு. அவனவன் சொன்னான் என்பதற்காகத் தள்ளுவதும் தப்பு. எத்தனை பேருக்குக் கொடுத்தார்கள், எத்தனை பேருக்கு அனுகூலமாயிற்று, எத்தனை பேருக்குக் கெடுதி வந்தது, கொடுக்காமல் விட்டவர்கள் கதி என்னவாயிற்று என்கின்ற நான்கு கேள்விகளே மருந்துக்கு உரைகல்.

இந்த உரைகல்லில் உரைத்துப் பார்த்தால் மூலிகையில் கொல்லுவதும் உண்டு, காப்பதும் உண்டு. முதலில் கொல்லுவதைச் சொல்லுகின்றேன்.

நம் தரிசுகளில் ஆடுதீண்டாப்பாளை என்று ஒரு கொடி உண்டு. அதே இனத்தில் ஈசுரமூலி என்று மற்றொன்று. பூச்சிக்கும் விஷக்கடிக்கும் இவைகளைக் கொடுப்பது நாட்டு வழக்கம். இந்த இனத்துச் செடிகளில் அரிஸ்டோலோக்கிக் அமிலம் என்று ஒரு சரக்கு இருக்கின்றது. பெல்ஜியம் தேசத்தில் பிரஸ்ஸெல்ஸ் நகரத்தில் உடம்பு இளைப்பதற்கென்று ஒரு வைத்தியசாலையில் சீனத்து மூலிகை கொடுத்தார்கள். பெயர் ஒற்றுமையால் ஒரு மூலிகைக்குப் பதிலாக இந்த இனத்துச் செடியின் வேர் கலந்துவிட்டது. நல்ல சிறுநீரகத்தோடு போன ஸ்திரீகள் கெட்ட சிறுநீரகத்தோடு வந்தார்கள். 1993ல் டாக்டர்கள் இதைக் கண்டுபிடித்து வெளியிட்டார்கள். நூற்றுக்கு மேற்பட்டவர்கள் கெட்டார்கள். அவர்களில் பலருக்குப் பின்னால் மூத்திரப் பாதையில் புற்றுநோயும் கண்டது. 2002ல் உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் இந்த இனத்து மூலிகை மருந்துகளை மனிதனுக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று முதல் வகுப்பில் சேர்த்தது. ஆடு தீண்டாது என்று பெயரிலேயே எழுதி வைத்திருக்கின்றது. ஆட்டுக்குள்ள விவேகம் அதை மேய்க்கின்றவனுக்கு வேண்டாமா?

அடுத்தது பஸ்பமும் செந்தூரமும். ரசம், லிங்கம், தாளகம், வீரம் இவைகளெல்லாம் பாதரசமும் பாஷாணமும் சேர்ந்த சரக்குகள். "சுத்தி செய்து புடம் போட்டால் விஷம் போய்விடும்" என்கின்றார்கள். பாதரசத்தைக் கந்தகத்தோடு சேர்த்தால் அதன் கோலம் மாறும், உடம்பில் சேருகின்ற அளவும் மாறும். ஆனால் பாதரசம் பாதரசமாகவே இருக்கும். எத்தனை புடம் போட்டாலும் ஒரு மூலப்பொருள் இல்லாமல் போய்விடாது. 2004ல் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்துக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்ததில் 14ல் ஈயமோ பாதரசமோ பாஷாணமோ இருந்தது. அவ்வளவு தூரம் ஏன்? 2022ல் சென்னையிலிருந்து வெளியான ஆராய்ச்சி ஒன்றில், மூத்திரத்தில் புரதம் கொட்டுகின்ற ஒருவகைச் சிறுநீரக வியாதியுள்ளவர்களில் கணிசமான பேர் நாட்டு மருந்து சாப்பிட்டு வந்தவர்கள் என்பதும், அந்த மருந்துகள் பலவற்றில் பாதரசம் இருந்தது என்பதும், நிறுத்தினபின் பெரும்பாலோருக்கு வியாதி தணிந்தது என்பதும் தெரியவந்தது. கேரளத்தில் முகம் வெளுக்கப் பூசுகின்ற பசையில் இருந்த பாதரசத்தாலும் இதே வியாதி கண்டது. பூசினதே இப்படிச் செய்தால் விழுங்கினது சும்மா இருக்குமா?

பஸ்பம் வேண்டாம், வெறும் பச்சிலைதானே, காய்தானே என்றாலும் அப்பொழுதும் யோசனை வேண்டும். பிலிம்பி என்கின்ற புளிச்ச காயின் சாற்றை, கொழுப்பு குறையும் என்று அளவில்லாமல் குடித்துச் சிறுநீரகம் திடீரென்று அடைபட்ட பத்து நோயாளிகளைப்பற்றிக் கேரளத்து டாக்டர்கள் 2013ல் எழுதியிருக்கின்றார்கள். சாற்றிலுள்ள ஆக்ஸலேட் என்னும் உப்பு வடிகட்டிக் குழாய்களில் படிந்துவிட்டது. நட்சத்திரப் பழமென்கின்ற தமரத்தம் பழமோ, சிறுநீரகம் கெட்டவனுக்கு விக்கலும் மயக்கமும் கொடுத்துக் கொல்லவும் வல்லது. நமக்கு வெகு சாதுவான இளநீரும் வாழைத்தண்டுச் சாறுமே பொட்டாசியம் மிகுந்தவை. நல்ல சிறுநீரகம் அதைத் தள்ளிவிடும். கெட்ட சிறுநீரகம் தள்ளமாட்டாது. தங்கின பொட்டாசியம் இதயத்தை நிறுத்தும். "இயற்கையானது, ஒன்றும் செய்யாது" என்கின்ற வார்த்தை எவ்வளவு அபத்தம்! எட்டிக்கொட்டையும் அரளி விதையும் எந்தத் தொழிற்சாலையில் செய்தவை?

இனி மூலிகை காப்பாற்றின கதையையும் கேளுங்கள். நம் நாட்டுச் சர்ப்பகந்தி வேரை ரத்தக்கொதிப்புக்குக் கொடுத்து, இத்தனை பேருக்கு இவ்வளவு இறங்கிற்று என்று கணக்கெடுத்து, 1949ல் பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வகீல் இங்கிலாந்துப் பத்திரிகையில் வெளியிட்டார். உலகம் முழுவதும் அந்த வேரை எடுத்துக்கொண்டது. மனம் சோர்வடைதல் முதலிய அதன் கெடுதிகளும் கணக்கெடுத்தபடியால்தான் வெளிவந்தன. மேலான மருந்துகள் வந்தபின் அது பின்தங்கிவிட்டது. மேல் வந்ததும் கணக்கால், கீழ் போனதும் கணக்கால்.

இன்னொன்று. ஆப்பிள் மரத்து வேர்ப்பட்டையிலிருந்து 1835ல் ஐரோப்பாவில் புளோரிசின் என்று ஒரு கசப்புச் சரக்கைப் பிரித்தெடுத்தார்கள். அது சர்க்கரையை மூத்திரத்தில் தள்ளுகின்றதென்று 1886ல் கண்டார்கள். ஆனால் அப்படியே விழுங்கினால் குடலில் சிதைந்துவிடும், வயிற்றையும் கெடுக்கும். நூறு வருஷத்துக்குமேல் அதைத் திருத்தித் திருத்திப் பார்த்து அதன் மாதிரியில் செய்த மாத்திரைகளில் ஒன்று டபாகுளிஃப்ளோசின். 2020ல் வெளியான பரீட்சையில் 4304 சிறுநீரக நோயாளிகளைச் சரிபாதியாகப் பிரித்து, 2152 பேருக்கு இந்த மாத்திரையும், 2152 பேருக்கு வெற்று மாத்திரையும், யாருக்கு எது என்று நோயாளிக்கும் டாக்டருக்கும் தெரியாதபடி, வழக்கமான மருந்தோடு சேர்த்துக் கொடுத்தார்கள். சிறுநீரகம் பாதிக்குமேல் கெடுவது, அடியோடு போவது, அதனாலோ இதய வியாதியாலோ சாவது ஆகிய கஷ்டங்கள் வெற்று மாத்திரைக்காரரில் 312 பேருக்கும், மருந்து பெற்றவரில் 197 பேருக்கும் வந்தன. குணமாக்கிற்று என்று எவரும் கூவவில்லை. தாமதப்படுத்துகின்றது என்று மாத்திரமே சொன்னார்கள். ஒரு மரப்பட்டைக்கு இதைவிடப் பெரிய மரியாதை எந்தச் சித்தர் பாட்டில் கிடைத்துவிடும்?

1921ல் சென்னை சர்க்கார் நம் நாட்டு வைத்திய முறைகளை விசாரிக்க முகமது உஸ்மான் அவர்கள் தலைமையில் ஒரு கமிட்டி போட்டது; 1923ல் அறிக்கை வந்தது; பனகால் அரசர் மந்திரியாயிருந்த காலத்தில் 1925ல் சென்னையில் இந்திய வைத்தியப் பாடசாலையும் ஏற்பட்டது. 2005ல் தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் வந்தது. இவைகளை நாம் வரவேற்கின்றோம். ஆனால் நூறு வருஷம் கழிந்தும், மேலே சொன்ன அளவில் ஒரு பரீட்சை நீடித்த சிறுநீரக வியாதிக்கு நம் முறையில் காட்டப்படவில்லை. நெருஞ்சிலும் மூக்கிரட்டையும் நல்லவை என்றால், பரீட்சைக்கு அனுப்ப என்ன பயம்? ஜெயித்தால் ஏழைக்கு மலிவான மருந்து. தோற்றால் ஏழைக்குக் காசு மிச்சம். தமிழ் மருத்துவத்தின் மேல் நிஜமான அபிமானமுள்ளவன் கேட்கவேண்டியது புகழ்ச்சியையல்ல, பரீட்சையை.

இங்கிலீஷ் வைத்தியத்தின் யோக்கியதையும் இந்த இடத்தில் சொல்லத்தான் வேண்டும். மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கித் தின்கின்ற டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் முதலிய வலி மாத்திரைகள் கெடுக்கின்ற சிறுநீரகம் கொஞ்சமல்ல. நாற்று நட்ட இடுப்பு வலிக்கும், கரும்பு வெட்டின தோள் வலிக்கும் தினம் ஒன்று என்று நம் ஜனங்கள் விழுங்குகின்றார்கள். இதையும் கேட்பாரில்லை. அன்றியும், இரண்டு நிமிஷத்தில் நோயாளியைத் தள்ளிவிடுகின்ற டாக்டர்தான் அவனை ஒரு மணி நேரம் பேசுகின்ற மோசக்காரனிடம் அனுப்புகின்றவர். மருந்து எவ்வளவு உயர்ந்ததானாலும், ஏன் சாப்பிடவேண்டும் என்று சொல்லாமல் கொடுத்தால் அது குப்பைக்குத்தான் போகும். மனிதன் அன்பான வார்த்தைக்கு ஏங்குவது மூடத்தனமல்ல. அந்த ஏக்கத்தை விற்றுப் பிழைப்பதுதான் அயோக்கியத்தனம்.

இந்த வியாபாரத்தைத் தடுக்கச் சட்டமும் இல்லாமலில்லை. 1954ம் வருஷத்து ஆட்சேபகரமான மருந்து விளம்பரத் தடைச் சட்டத்தில், இன்னின்ன வியாதியைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்யக்கூடாது என்று ஒரு ஜாபிதா இருக்கின்றது. அதில் நீரிழிவும் இருக்கின்றது, ரத்தக்கொதிப்பும் இருக்கின்றது, 1827ல் லண்டன் டாக்டர் ரிச்சர்ட் பிரைட் விவரித்தபடியால் அவர் பெயரால் வழங்கின சிறுநீரக வியாதியும் இருக்கின்றது. இருந்தும் பஸ் நிலையத்துச் சுவரிலும் கையிலுள்ள செல்போனிலும் "டயாலிசிஸ் வேண்டாம், கிட்னி கியாரண்டி" என்று விளம்பரம் கூசாமல் வருகின்றது. சட்டம் புஸ்தகத்தில் தூங்கினால் ஜனங்களாவது விழித்திருக்கவேண்டாமா?

ஆகவே தோழர்களே! நாம் சொல்லுவது இதுதான். மூலிகையைத் தொடாதே என்பதல்ல. சிறுநீரகம் கெட்டிருக்கின்றதென்று தெரிந்தால், சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் கொடுத்த மருந்தை எவர் சொன்னாலும் கொடுத்த டாக்டரைக் கேளாமல் நிறுத்தாதீர்கள். நிறுத்தச் சொல்லுகின்றவர் எதிரில் உட்காராதீர்கள். பெயரும், சரக்கும், செய்த இடமும், லைசென்சும் எழுதியிராத பொட்டலத்தை வாயில் போடாதீர்கள். சித்த மருந்து வேண்டுமென்றால், அரசாங்க ஆஸ்பத்திரிகளிலேயே ஐந்தரை வருஷம் படித்துப் பட்டம் பெற்ற சித்த வைத்தியர்கள் இருக்கின்றார்கள். உங்கள் கிரியாட்டினின், பொட்டாசியம் சீட்டை அவர்களிடம் காட்டிக் கேளுங்கள். அவர்கள் கொடுத்ததை ஆஸ்பத்திரி டாக்டரிடமும் மறைக்காமல் சொல்லுங்கள். அவர் கோபித்தாலும் சொல்லுங்கள். கோபம் அரை நிமிஷம், உயிர் உங்களுடையது. புது மருந்து எதுவானாலும் சாப்பிடுகின்றதற்கு முன்னும், இரண்டு வாரம் கழித்தும் ரத்தத்தைச் சோதித்துப் பாருங்கள். அளந்து பார்க்க மறுக்கின்ற வைத்தியர் எவரானாலும் அவர் பூசாரியே தவிர வைத்தியரல்ல.

வியாதி இல்லாதவர்களும், நாற்பது வயதானால் வருஷத்துக்கொருமுறை மூத்திரத்தில் புரதமும், ரத்தக்கொதிப்பும், சர்க்கரையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதற்குக் காசு வேண்டியதில்லை. 2021 முதல் சர்க்கரை, கொதிப்பு மாத்திரைகள் வீடு தேடியும் வருகின்றன. வெயிலில் உழைக்கின்றவர்களுக்குச் சர்க்கரையும் கொதிப்பும் இல்லாமலேயே சிறுநீரகம் கெடுவதை இலங்கையின் வடமத்திய மாகாணத்திலும் ஆந்திரத்து உத்தானத்திலும் கண்டிருக்கின்றார்கள். ஆகையால் குடியானவர்களும் கூலிக்காரர்களும் "எனக்கென்ன" என்று இருந்துவிடவேண்டாம்.

போன வாரம் யந்திரத்தின் பக்கத்தில் படுத்திருந்த என் சித்தப்பா, "அந்தத் தூளில் என்ன இருந்ததென்று நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமடா" என்றார். விதை வாங்கும்போது கேட்கின்றார். மாடு வாங்கும்போது பல்லைப் பிடித்துப் பார்க்கின்றார். உயிருக்கு மருந்து வாங்கும்போது மாத்திரம் கேட்கவில்லை. கேட்பது மரியாதைக் குறைவு என்று அவருக்கு யாரோ சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். கேட்பதே மரியாதை என்று நாம் சொல்லிக்கொடுக்கவேண்டும்.

— ஒலக்கூரான்